முதுகாட்டின் இரண்டாம் பொருள்

அலுவலகத்தில் அவளுக்கு மகரம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. இருபத்தாறு வயதில் அகராதி அலுவலகத்தில் உதவிப் பதிப்பாசிரியராகச் சேர்ந்தபோது, 'ம'வில் தொடங்கும் சொற்களை அவள் தலையில் கட்டினார்கள். இருபத்தேழு வருஷம் ஆகியும் அவள் அந்த எழுத்தைத் தாண்டவில்லை. "மத்தவங்க எல்லாம் வேலைக்கு வந்துட்டுப் போறாங்க. நீங்க மட்டும் மகரத்துக்குள்ளயே குடித்தனம் பண்றீங்க" என்பார் பெட்டிக்காரர். சொல் அட்டைகள் அடுக்கிய இழுப்பறைகளுக்கு அவர்தான் காவல். அதனால் அவருக்கு அந்தப் பெயர்.

அந்த அலுவலகத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பத்துத் தொகுதிகளில் ஒரு பேரகராதி கொண்டுவருவது என்று ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கிளம்பினார்கள். 'ந' முடிவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. ஆறாவது தொகுதியோடு அச்சு நின்றது. மீதிச் சொற்கள் எல்லாம் அஞ்சலட்டை அளவு அட்டைகளில், மர இழுப்பறைகளுக்குள் அடைந்து கிடந்தன. அட்டையின் தலையில் சொல், நடுவில் பொருள், அடியில் அது எந்தப் பழைய நூலில் வருகிறது என்ற குறிப்பு. இதற்கிடையில், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஏதாவது ஒன்றையாவது முழுசாகக் கொடுங்கள் என்று மேலிடம் நெருக்கியதில், அவசர அவசரமாக ஒரே தொகுதியில் ஒரு கையகராதி வெளிவந்தது. ஒரு சொல்லுக்கு இரண்டு வரிக்கு மேல் கூடாது என்று கட்டளை. பள்ளிக்கூடத்தில், வங்கியில், நீதிமன்றத்தில் எல்லாம் இருப்பது அந்தக் கையகராதிதான். சனங்களைப் பொறுத்தவரை அதுதான் அகராதி.

மகரத்துக்கு ஒரே ஒரு அக்கா, ஏழு வயது மூத்தவள். ஊரின் அந்தக் கோடியில், ஒரு தெருவின் கடைசி வீட்டில் இருந்தாள். பள்ளிக்கூடச் சீருடைகள் தைப்பது அவள் தொழில். புருஷன் கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவர். இறந்து ஆறு வருஷமாகிறது. அந்தத் தெரு ஒரு மேட்டில் போய் முட்டி நிற்கும். இரண்டு ஏக்கர் பொட்டல். முள்செடி, இடிந்த சுற்றுச்சுவர், நடுவில் ஆடு மேய்ந்து உண்டான ஒற்றையடிப் பாதை. தெருக்காரர்கள் அதை 'மேடு' என்றுதான் சொல்வார்கள். யாராவது இறந்தால் 'மேட்டுக்குக் கொண்டுபோயிட்டாங்க' என்பார்கள். கல் நட்டு எழுதி வைக்கிற வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் நகராட்சி ஊருக்கு வெளியே வேறு இடம் திறந்தது. அதன்பின் மேட்டில் புதைப்பது நின்றுபோனது.

அக்காவின் ஒரே குழந்தை அந்த மேட்டில் இருந்தது. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் பிறந்து பதினோரு நாள் இருந்த பெண் குழந்தை. பெயர் வைக்கவில்லை. இரண்டு பெயர்கள் பார்த்து வைத்திருந்தார்கள். அக்காவுக்கு ஒன்று பிடித்தது, அத்தானுக்கு இன்னொன்று. அந்த இழுபறி தீர்வதற்குள் குழந்தை போய்விட்டது. அக்கா எழுந்து நடமாட முடியாமல் கிடந்தாள். அத்தான் குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், பட்டறையிலிருந்து கொண்டுவந்த கடப்பாரையால் தானே குழி தோண்டி வைத்துவிட்டு வந்தார். "செவுத்தோரமா ரெண்டாவது தூணுக்கு நேரா, உள்பக்கம் பத்தடி" என்று அக்காவிடம் சொன்னார். பிறகு அழைத்துப்போய்க் காட்டவும் செய்தார். தையல் மிஷினை அக்கா ஜன்னலோரம் போட்டதற்குக் காரணம் வெளிச்சம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அந்த மேட்டில் பேருந்துப் பணிமனை கட்டப்போவதாக நகராட்சி பலகை நட்டது. தெருவில் பதினோரு குடும்பங்கள் சேர்ந்து வழக்குப் போட்டன. புதைகுழிகள் இருக்கும் நிலத்தை வேறு காரியத்துக்குக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் அது புதைகுழி நிலம் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. பதினோரு பேரும் கூண்டில் ஏறி, இன்னாரை இன்ன வருஷம் புதைத்தோம் என்று சொன்னார்கள். "அது அனுமதியில்லாமல் புதைத்தது. தரிசு நிலத்தில் யார் வேண்டுமானாலும் குழி தோண்டலாம்" என்று நகராட்சி வக்கீல் முடித்துவிட்டார்.

தெருக்காரர்களுக்காக வாதாடியவள் தொழிலுக்கு வந்து நாலைந்து வருஷமே ஆன ஒரு பெண். ஆவணக் காப்பகத்தில் இரண்டு மாதம் தூசி தின்று, நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு கிரயப் பத்திரத்தைத் தோண்டி எடுத்தாள். பக்கத்து நிலத்துக்கான பத்திரம் அது. எல்லை சொல்கிற இடத்தில் 'கிழக்கே வாய்க்கால், மேற்கே ஊர்ப்பொதுவான முதுகாடு இரண்டு ஏக்கர்' என்று எழுதியிருந்தது.

அதன் நகலைத் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு அக்கா ஒரு சனிக்கிழமை மத்தியானம் தங்கையின் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இத படி. வக்கீல் பொண்ணு உன்கிட்டக் கேட்டுட்டு வரச் சொல்லுச்சு. முதுகாடுன்னா என்னடி? கெழட்டுக் காடா?"

மகரம் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை படித்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"இல்லக்கா. பொணம் பொதைக்கிற இடம். இடுகாட்டுக்கு இன்னொரு பேரு. ரொம்பப் பழைய பேரு."

"நெசமாவா?"

"இதுல என்ன பொய் சொல்லப் போறேன். பழைய பாட்டுல எல்லாம் அப்படித்தான் வரும்."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அப்புறம்தான் சந்தேகம் வந்தது.

"அங்கதான் ஒரு மரம்கூட இல்லியே. அதப் போயி எதுக்குக் காடுன்னான்?"

"காடுன்னா மரம் மட்டும் இல்லக்கா. ஊருக்கு வெளிய, நாம குடியிருக்காத எடமெல்லாம் காடுதான். அந்தக் காலத்துல செத்தவங்கள அங்கதான் கொண்டுபோவாங்க. சுட்டா அது சுடுகாடு. இட்டா அது இடுகாடு. முதுகாடுன்னா மூத்த காடு. வீடு வாசலுக்கு முன்னாடியே அது இருந்துச்சுன்னு அப்படிச் சொன்னாங்களோ, இல்ல மூத்தவங்க எல்லாம் அங்க போய்ச் சேந்தாங்கன்னு சொன்னாங்களோ, அது யாருக்கும் சரியாத் தெரியாது."

"இடுறதுன்னா?"

"வைக்கிறது. கையெழுத்து இடுறோம், முத்தம் இடுறோம், பேரு இடுறோம். அதே இடுதான்."

அக்கா பத்திர நகலை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"பேருதான் இடல" என்றாள். "மத்ததெல்லாம் இட்டோம்."

மகரம் பேச்சை மாற்றி அடுப்படிக்குப் போனாள். ஆனால் அன்றைக்கு அக்கா சிரித்த முகமாகத்தான் வீட்டுக்குப் போனாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அகராதி ஆபீசில் வேலை செய்கிற தங்கச்சியே சொல்லிவிட்டாள், இனி நகராட்சி என்ன செய்யும் என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை வக்கீல் பெண் தொலைபேசியில் பேசினாள். "அம்மா, நீங்க வாயால சொன்னாப் பத்தாது. அச்சுல காட்டணும். உங்க அகராதியோட பக்கத்தக் குடுங்க, போதும்."

மகரத்தின் மேசைமேலேயே கையகராதி இருந்தது. வக்கீலைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, தோளில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினாள். முதலை, முதிர்ச்சி, முதிர்வு, முது. அங்கேதான் இருந்தது, ஒற்றை வரியில்: 'முதுகாடு: பழமையான அடர்ந்த காடு.' அவ்வளவுதான்.

"அப்புறம் கூப்பிடறேம்மா" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

பெட்டிக்காரரிடம் சாவி வாங்கி இழுப்பறையைத் திறந்தாள். அட்டை இருந்தது. மஞ்சளேறி, ஓரம் நைந்து, யாரோ பழைய தலைமுறைப் பதிப்பாசிரியரின் முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது. ஒன்று: பழமையான அடர்ந்த காடு. இரண்டு: பிணம் இடும் இடம், இடுகாடு. அடியில் இரண்டாம் பொருளுக்கு மட்டும் மூன்று மேற்கோள் குறிப்புகள். முதல் பொருளுக்கு ஒன்றுகூட இல்லை. அந்த இரண்டாம் பொருளின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு ஓடியது. ஓரத்தில் அதே சிவப்பில், 'வழக்கிழந்தது. நீக்கலாம்.' கீழே அவளுடைய சுருக்கொப்பம்.

கையகராதிக்காக மூன்று மாதத்தில் நாலாயிரம் அட்டைகளைப் பார்த்த காலம் அது. ஒரு நாளைக்கு ஐம்பது அட்டை. ஒவ்வொன்றிலும் எதையாவது வெட்டினால்தான் இரண்டு வரிக்குள் அடங்கும். எந்தச் சொல்லிலிருந்து எதை வெட்டினோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? அந்த அட்டையைக் கையில் எடுத்ததே அவளுக்கு நினைவில்லை. தயங்கினோமா, ஒரு நிமிஷமாவது யோசித்தோமா என்று மண்டையைக் குடைந்து பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. யோசித்து வெட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

பெட்டிக்காரர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். விஷயம் முழுக்க அவருக்குத் தெரியும்.

"புதுசா ஒரு அட்டை எழுதி வச்சுடலாம். பழைய அட்டைங்க எங்கிட்ட எழுதாதது நெறைய இருக்கு, அதே மஞ்சள். யாரு கண்டா?"

"என் கையெழுத்துதான் தெரியுமே."

"நான் எழுதறேன்."

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அது பெரிய நேர்மை ஒன்றும் இல்லை. இருபத்தேழு வருஷமாக அவள் ஒரு பொய் அட்டை எழுதியதில்லை. இப்போது எழுத வேண்டும் என்றால் கை வரவில்லை. அவ்வளவுதான்.

வக்கீல் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டு, சிவப்புக் கோடு உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண், "அப்படியே கொண்டு வாங்கம்மா. மேற்கோள் மூணு இருக்கில்ல, அத வச்சுப் பாப்போம்" என்றாள். குரலில் முன்பிருந்த சுறுசுறுப்பு இல்லை.

விசாரணைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குள் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று மகரம் மூன்று தடவை போனாள். முதல் தடவை அக்கா சீருடைச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்; இவளும் உட்கார்ந்து இருபது சட்டைக்குத் தைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டாம் தடவை பக்கத்து வீட்டுக்காரி இருந்தாள். மூன்றாம் தடவை இருவர் மட்டும்தான். "என்னமோ சொல்ல வந்த மாதிரி இருக்கியே" என்று அக்காவே கேட்டாள். "ஒண்ணுமில்ல, கோர்ட்டுக்கு என்ன சேலை கட்டறதுன்னு யோசனை" என்றாள் மகரம். அக்கா தன் பெட்டியைத் திறந்து, ஒருமுறைதான் கட்டிய சாம்பல் நிறச் சேலையை எடுத்துக் கொடுத்தாள்.

அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் கூண்டில் ஏறினாள். நாலாம் எண் நீதிமன்ற அறை. மின்விசிறி தலைக்கு மேல் கடகடத்தது. தெருக்காரர்கள் கடைசி இரண்டு வரிசையை அடைத்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அக்கா.

வக்கீல் பெண் கேட்க வேண்டியதை ஒழுங்காகக் கேட்டாள். மகரமும் சொன்னாள். முது என்றால் என்ன, காடு என்றால் என்ன, இரண்டும் சேர்ந்தால் பழைய நூல்களில் என்ன பொருள், எத்தனை இடத்தில். நீதிபதி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். ஒரு இடத்தில், "அப்ப மயானம்?" என்று அவராகவே ஆர்வமாகக் கேட்டார். அது வடமொழியிலிருந்து வந்தது ஐயா, இது நம்ம சொல் என்றாள். அவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். தெருக்காரர்களின் முகத்தில் தெம்பு வந்தது. ஒரு கால்மணி நேரம் அவளுக்கே, தப்பித்துவிடலாம் என்று தோன்றியது.

நகராட்சி வக்கீல் எழுந்தார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். குரலை உயர்த்தவே இல்லை. அட்டையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தச் சிவப்புக் கோடு யார் போட்டதும்மா?"

"நான்தான்."

"யாராவது சொல்லிப் போட்டீங்களா?"

"இல்ல. நானாத்தான்."

"ஓரத்துல என்னமோ எழுதியிருக்கே. படிங்க."

"'வழக்கிழந்தது. நீக்கலாம்.'"

"வழக்கிழந்ததுன்னா?"

"அந்தப் பொருள்ல இப்ப யாரும் பேசறதில்லன்னு அர்த்தம்."

"அதாவது செத்துப்போன அர்த்தம்."

"நாங்க அப்படிச் சொல்றதில்லைங்க."

"சரி, நான் சொல்லிக்கறேன்." பின்னால் யாரோ சிரித்தார்கள். "ஏன் நீக்கினீங்க?"

"பக்கத்துல இடமில்லாம."

"ரெண்டு அர்த்தத்துல ஒண்ணுதான் வைக்க முடியும்னு இருந்தப்ப, நீங்க வச்சது காடு. எடுத்தது இடுகாடு. சரியா?"

"சரிதான்."

"மேற்கோள்னு காட்டறீங்களே, அந்தப் பாட்டெல்லாம் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தினது. பத்திரம் நூறு வருஷம். பத்திரம் எழுதினவர் அந்தப் பாட்டெல்லாம் படிச்சவரா?"

"அது தெரியாதுங்க."

நீதிபதி குறுக்கே வந்தார். "அப்ப நீக்கினது தப்புன்னு இப்பச் சொல்றீங்களாம்மா?"

"ஆமாங்கய்யா. தப்புதான்."

"எப்பத்திலேர்ந்து அப்படித் தோணுது?"

நகராட்சி வக்கீல் மெதுவாகக் கேட்டார். "இந்த வழக்குல மூணாவது மனுதாரர் உங்களுக்கு என்ன வேணும்?"

"என் அக்கா."

"வேற கேள்வி இல்ல."

கூண்டிலிருந்து இறங்கும்போது கடைசி வரிசையைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். பார்த்துவிட்டாள். தெருக்காரர்கள் அவளை முறைத்தார்கள். அக்கா முறைக்கவில்லை. மடியில் இருந்த பையின் வாரை ஒழுங்காக மடித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே தாழ்வாரத்தில் குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம் அக்கா வந்தாள்.

"எப்ப அடிச்ச அத?"

"இருபத்திரண்டு வருஷம் இருக்கும்."

அக்கா கணக்குப் போட்டாள். "அப்ப பாப்பா அங்க போயி ஒன்பது வருஷம்."

"அக்கா, அந்த எடத்துக்குப் பேரு முதுகாடுன்னு எனக்குத் தெரியாது. மேடுன்னுதானே எல்லாரும் சொன்னோம்."

"தெரியாதுதான். யாருக்குத் தெரியும்" என்றாள் அக்கா. கோபமே இல்லாமல் சொன்னாள். "முன்னாடியே சொல்லியிருக்கலாம். அத்தன பேருக்கு நடுவுல வச்சுக் கேக்க விட்டியே."

இருவரும் ஒரே பேருந்தில்தான் திரும்பினார்கள். அக்கா முன்னால் போய் உட்கார்ந்தாள்.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அரசு ஏற்ற அகராதியின்படி முதுகாடு என்பது பழமையான காடு. காடு அழிந்து தரிசானபின் சிலர் அனுமதியின்றிச் சடலங்களைப் புதைத்திருக்கலாம். அதனால் நிலத்தின் தன்மை மாறிவிடாது. மேல்முறையீடு செய்யலாம் என்றாள் வக்கீல் பெண். அதற்குள் நகராட்சி, பணிமனை வந்தால் வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்று தெருவில் சொல்லிவிட்டது. பதினொன்றில் எட்டுக் குடும்பங்கள் விலகிக்கொண்டன; மேல்முறையீடு அத்தோடு நின்றது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. இருப்பவர்கள் பிழைக்க வேண்டுமே.

மகரம் இயக்குநரிடம் போய், அடுத்த அச்சில் கையகராதியைத் திருத்த வேண்டும், இரண்டாம் பொருளைச் சேர்க்க வேண்டும் என்றாள். இயக்குநர் தீர்ப்பின் நகலை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து வைத்தார்.

"கோர்ட் நம்ம அகராதியக் காட்டி ஒரு தீர்ப்பே குடுத்திருக்கு. இப்பப் போயி நாமளே அத மாத்தினா நல்லாவா இருக்கும்? உண்மையச் சொன்னா, நீங்க செய்ய வேண்டியது வேற. முதல் பொருளுக்கு மேற்கோளே இல்லன்னீங்களே. இந்தத் தீர்ப்பையே மேற்கோளாப் போட்டுடுங்க."

அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. எழுத்து மூலமாக ஆணையும் அனுப்பினார். மகரம் ஒரு வாரம் தள்ளிப்போட்டாள். பிறகு அட்டையில் முதல் பொருளுக்குக் கீழே வழக்கு எண்ணையும் தேதியையும் எழுதினாள். அவள் எழுதாவிட்டால் வேறு யாராவது எழுதியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் மத்தியானச் சாப்பாடு வரைக்கும்கூட நிற்கவில்லை.

வேலை தொடங்கும்முன், உரியவர்கள் பதினைந்து நாளுக்குள் வந்து அடையாளம் காட்டினால் தோண்டி எடுத்துத் தருவதாக நகராட்சி அறிவித்தது. அக்கா ஆள் அனுப்பித் தங்கையைக் கூப்பிட்டாள். இருவரும் மேட்டுக்குப் போனார்கள். இரண்டாவது தூண் என்றால், எந்தப் பக்கத்திலிருந்து இரண்டாவது? சுவரில் பாதி விழுந்து, மண்மூடிப் போயிருந்தது. ஒரு தூண் நின்றது. அதற்கு அந்தண்டை இரண்டு முண்டுகள் தெரிந்தன. தூண்களா, விழுந்த கற்களா என்று சொல்ல முடியவில்லை. அக்கா ஓரிடத்தில் நின்று பத்தடி எண்ணி நடந்தாள். "இதுதான்" என்றாள். சற்று நேரம் நின்றுவிட்டு, திரும்பிப் போய் வேறு கல்லிலிருந்து எண்ணினாள். "இல்ல, இது." மூன்றாவது தடவை எண்ணிக்கொண்டிருக்கும்போதே நடையை நிறுத்தினாள்.

"அவரு அடி வேற, என் அடி வேற" என்றாள்.

நகராட்சி ஆள் கையில் படிவத்தோடு காத்திருந்தான். இத்தனை வருஷம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது எந்த இடத்தை என்று அக்காவுக்கே தெரியாமல் போனது. படிவத்தை வாங்காமலே வந்துவிட்டார்கள்.

இயந்திரங்கள் வந்து மேட்டைச் சமமாக்கின. நாலைந்து மாதம் கழித்து, பணிமனைத் தூண்களுக்குக் குழி தோண்டியபோது எலும்புகள் வந்தன. சாக்குச் சாக்காக, மொத்தம் பன்னிரண்டு. மகரம் அலுவலகத்திலிருந்து வக்கீல் பெண்ணுக்குப் போன் செய்தாள். இப்போதாவது மறுபடி கோர்ட்டுக்குப் போகலாமே என்று கேட்டாள்.

"அனுமதியில்லாமப் பொதைச்சாங்கன்னு தீர்ப்புலயே இருக்கும்மா. எலும்பு கெடைச்சா அதுக்குத்தான் அது சாட்சி" என்றாள் அந்தப் பெண். "மன்னிச்சுக்குங்க. அந்தக் கேஸ நெனச்சா எனக்கே தூக்கம் வரல."

சாக்குகளை ஊருக்கு வெளியே இருக்கும் புதிய இடத்தில் புதைத்துவிட்டதாகச் சுகாதாரப் பிரிவில் சொன்னார்கள். அக்கா போயே ஆக வேண்டும் என்றாள். ஒரு வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு மகரம் அழைத்துப்போனாள். இரண்டு பேருந்து மாறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கினார்கள். பெரிய இரும்புக் கதவு. மேலே வளைவாக 'அமைதிப் பூங்கா' என்று எழுதியிருந்தது. பூ ஒன்றும் இல்லை. ஒழுங்காக வெட்டிய புல், சிமென்ட் நடைபாதை, எண் போட்ட கட்டைகள்.

"பூங்காவாமே" என்றாள் அக்கா. "இப்ப இப்படித்தான் சொல்றாங்களா?"

"ஆமாக்கா. இப்ப இதுதான் வழக்கு."

காவலாளி நடுத்தர வயதுக்காரர். பொறுமையாகக் கூட்டிக்கொண்டு போனார். மதில் ஓரமாக, மற்றவற்றைவிட நீளமான ஒரு மண்மேட்டைக் காட்டினார். கட்டையில் எண் மட்டும் இருந்தது.

"பன்னெண்டு சாக்கும் இதுலதான் இருக்கு."

அக்கா அதன் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தாள். "இதுல கொழந்தைங்கள எந்தப் பக்கம் வச்சீங்க?"

"கொழந்தையா?" அவர் மகரத்தைப் பார்த்தார். "எத்தன வயசும்மா?"

"பதினோரு நாள்."

"எத்தன வருஷம் ஆச்சு?"

"முப்பத்தோரு வருஷம். முப்பத்திரண்டு நடக்குது."

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அம்மா, அவ்வளவு சின்னக் கொழந்தைங்க எலும்பு நிக்காது. பத்து வருஷம்கூடத் தாங்காது. மண்ணோட மண்ணாப் போயிரும். இந்தச் சாக்குல எல்லாம் பெரியவங்கதான். நானே எண்ணிப் போட்டேன்."

அக்கா மண்மேட்டை விட்டு ஓரடி தள்ளி நின்றாள்.

"அப்ப அவ இங்க வரல."

"இல்லம்மா."

"அங்கயேதான் இருக்கா. பஸ்ஸுக்கு அடியில."

அவர், உட்காருகிறீர்களா, நாற்காலி கொண்டுவரட்டுமா என்று கேட்டார். அக்கா வேண்டாம் என்றாள். "வா போலாம்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். வந்த வழியிலேயே, எண் கட்டைகளைத் திரும்பிப் பார்க்காமல், கதவு வரைக்கும் ஒரே வேகமாக நடந்தாள்.

நிறுத்தத்தில் ஒருவரும் இல்லை. அடுத்த பேருந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் என்று பலகையில் இருந்தது. சிமென்ட் பெஞ்சு ஒன்று கிடந்தது. வெயில் சுட்டது. இருவரும் அதில் உட்கார்ந்தார்கள், நடுவில் பையை வைத்துக்கொண்டு.

கொஞ்ச நேரம் கழித்து மகரம், "அக்கா" என்றாள்.

"எதுவும் சொல்லாத" என்றாள் அக்கா. "எந்த வார்த்தையும் வேண்டாம் எனக்கு."

பேருந்து வரும்வரை இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தபோது அதில் ஒரே ஒரு இருக்கைதான் காலியாக இருந்தது. அக்காவை உட்காரவைத்துவிட்டு, அவள் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகரம் ஊர்வரை நின்றுகொண்டே வந்தாள்.